மேடை கண்ட மீட்சி

நெறி தவறிய ஆடவன் ஒருவன் மனையாளின் அன்பினால் மீட்சி பெறுதல் தமிழ் நாடக மேடைக்குப் பழகிய கதையாகும். தமிழகத்து நாடகக் குழுக்கள் கடல் கடந்து பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நாடகம் நடத்திய காலத்தில், இத்தகைய கதைகளுக்கு மக்களிடையே பெருவரவேற்பு இருந்தது. ஆயின், அம்மீட்சிக்கு விலை கொடுத்தவர் யார் என்னும் வினா நெடுங்காலம் எழுப்பப்படவில்லை.

இக்கதைகளுக்கெல்லாம் மூலமாக அமைந்தது கோவலன் கதையே. மாதவியைப் பிரிந்து, பொருளிழந்து வந்த கோவலனைக் கண்ணகி கடிந்து ஒதுக்கவில்லை. எஞ்சியிருந்த சிலம்பையும் ஈந்தாள். கொலைக்களக் காதையில் கோவலன் தன் பிழையைத் தானே எடுத்துரைத்து வருந்துகின்றான். அவ்வருத்தமே அவனுடைய மீட்சி. ஆனால், அவனைப் பின்தொடர்ந்த கண்ணகியோ மதுரையில் யாவும் இழந்தாள். சங்கரதாசு சுவாமிகள் (1867–1922) இக்கதையை மேடைக்கு ஏற்ற நாடகமாக்கி, எழுத்தறியா மக்களிடமும் கொண்டு சேர்த்தார்.

இம்மரபைத் திருப்பிப் போட்ட நாடகம் ‘இரத்தக் கண்ணீர்’ ஆகும். திருவாரூர் கே. தங்கராசு எழுதிய அதில் எம். ஆர். இராதா (1907–1979) நாயகனாக நடித்தார். வெளிநாட்டில் கற்றுத் திரும்பிய மோகன், மனைவி சந்திராவைப் புறக்கணித்துக் காந்தா என்னும் கணிகையை நாடுகின்றான். செல்வமும் உடல்நலமும் இழந்து தெருவுக்கு வருகின்றான். மரபுவழிக் கதையாயின் மனைவி அவனை ஏற்று, பணிவிடை செய்து, கற்பின் பெருமையை நாட்டியிருப்பாள். இங்கோ மோகன், சந்திராவைத் தன் நண்பன் பாலுவுக்கே மணமுடித்து வைக்கின்றான். தன் உருவைச் சிலையாக நிறுவி உலகுக்குப் பாடமாக்கவும் வேண்டுகின்றான். மனைவியைத் திரும்பப் பெறுவதன்று, அவளை விடுவிப்பதே இங்கு மீட்சி. அன்புக்கு இதனினும் உயர்ந்த சான்று அவனால் தர இயலாது.

இந்நாடகம் கிருட்டிணன்–பஞ்சு இயக்கத்தில் 1954இல் திரைப்படமாயிற்று. சென்னை மாகாணத்தில் 1949இலும், இந்திய அளவில் 1955இலும் இந்துக்களுக்கு மணவிலக்கு உரிமை சட்டமாயிற்று. ஆகவே, அறிஞரும் சட்டமன்றத்தாரும் வாதிட்ட பொருளையே எளிய மக்கள் அரங்கில் அமர்ந்து கண்ணீரோடு கண்டனர் எனலாம்.

எனினும், நாடகத்தின் குறைகளையும் நாம் மறைத்தலாகாது. சந்திராவின் விடுதலையைக் கூட மோகனே முடிவு செய்கின்றான். மாதவிக்கு அறவண அடிகளின் அறவுரை புதுவாழ்வு அளித்தது. காந்தாவுக்கோ திருந்தும் வாய்ப்பே இல்லை. இவற்றினும் பெரிய குறை, தொழுநோயை ஒழுக்கக் கேட்டின் தண்டனையாகக் காட்டியதாகும். அந்நோய்க்குக் காரணம் ஒரு நுண்ணுயிரி என்பதை நார்வே மருத்துவர் ஆன்சன் 1873இலேயே கண்டறிந்தார். 1981இல் உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து முறையால் அது முற்றும் குணமாகும் நோயாயிற்று.

பினாங்குக்கு இவ்வுண்மை புதிதன்று. இங்குள்ள செரெசாக் தீவில் தொழுநோயாளர் பல்லாண்டு காலம் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தனர். 1930இல் சுங்கை பூலோவில் பெரிய குடியிருப்பு ஒன்று திறக்கப்பட்டது. அங்கே நோயாளர் தம்முள் மணம் புரிந்து வாழ்ந்தனர். அவர்கள் எக்குற்றமும் செய்தவரல்லர். தொழுநோயை மணவிலக்குக்குரிய காரணமாகக் கொண்ட இந்தியச் சட்டவிதியும் 2019இல் நீக்கப்பட்டது.

ஆதலின், மாணாக்கர் இந்நாடகத்தைக் கற்கும்பொழுது இரண்டையும் பிரித்தறிதல் வேண்டும். நோயைத் தண்டனையாகக் கண்ட பார்வை அக்காலத்தது, அதனைக் களையலாம். பிழை செய்தவனின் மனமாற்றம் அவனால் துன்புற்றவளுக்கு விடுதலையாக முடிய வேண்டும் என்னும் அறமோ, எக்காலத்துக்கும் உரியது.