வரலாற்றுக் காதல் நாவல்

மெய்யான அரசரையும் போரையும் பின்னால் நிறுத்தி, கற்பனைக் காதலை முன்னே நடக்கவிடும் கதைவகை. தமிழில் இதற்கு வழிபோட்டவர் ஓர் ஈழத்தவர். திருகோணமலைத் தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் ‘மோகனாங்கி’ 1895இல் வெளிவந்தது. கதைநாயகர் மதுரைச் சொக்கநாத நாயக்கர். வரலாற்றில் அவர் தஞ்சை நாயக்கரிடம் பெண் கேட்டார், கிடைக்கவில்லை, 1673இல் தஞ்சையையே பிடித்தார்.

இவ்வகைக்குப் பெருவாழ்வு தந்தவர் கல்கி. ‘பார்த்திபன் கனவு’, ‘சிவகாமியின் சபதம்’ ஆகியவற்றுக்குப் பின் 1950 அக்டோபரில் ‘பொன்னியின் செல்வன்’ வாரத் தொடராகத் தொடங்கி 1954 வரை ஓடியது. யாரோ இருட்டில் கத்தியை ஓங்குவார், அத்தியாயம் முடிந்துவிடும். அடுத்த வாரம்வரை தூக்கம் வருமா? மணியம் வரைந்த படங்களோடு தாள்களைக் கிழித்துச் சேர்த்துப் பைண்ட் பண்ணி வைத்த வீடுகள் பல. சோழர் வரலாறு பலருக்கு அந்தப் பைண்டிலிருந்துதான் தெரியவந்தது, வில்லங்கமும் அங்கேதான். வந்தியத்தேவனும் குந்தவையும் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இருக்கிறார்கள். நந்தினியும் பூங்குழலியும் கல்கியின் பேனாவில் பிறந்தவர்கள். வாசகர் நெஞ்சில் நால்வருக்கும் ஒரே பந்திதான்.

இலங்கை வாசகருக்கு இடறல் இன்னும் பெரிது. நாவலில் அருள்மொழிவர்மன் அனுராதபுரத்து விகாரைகளைச் செப்பனிடச் சொல்கிறான். பிக்குகள் நீட்டிய மணிமுடியை வேண்டாம் என்கிறான். அதே இளவரசன் இராஜராஜனான பின், 993 வாக்கில், அவன் படை அனுராதபுரத்தை அழித்தது. பொலன்னறுவை ஜனநாதமங்கலம் ஆயிற்று. 1017இல் அவன் மகன் இராஜேந்திரன் இலங்கை மன்னன் ஐந்தாம் மகிந்தனைப் பிடித்துச் சென்றான். மகிந்தன் சோழநாட்டிலேயே இறந்தான். இராஜேந்திரனை நாயகனாக்கிய அகிலனின் ‘வேங்கையின் மைந்தன்’ 1963இல் சாகித்திய அக்காதெமி விருது பெற்றது. காதல் எங்கே கூடுகிறதோ அங்கே கொள்ளை கண்ணுக்குத் தெரியாமல் போகிறது என்பதை இந்த இரு நாவல்களிலும் காணலாம்.

மகாவலிக் கரையிலுள்ள நாவலப்பிட்டியின் தோட்டப்புறத் தமிழருக்கும் இந்தச் சோழர்கள் சொந்தக்காரர் மாதிரி. அங்கிருந்து கினிகத்தேனைப் பக்கம் போனால் அம்பகமுவ. 1070இல் சோழரை வெளியேற்றிய முதலாம் விஜயபாகுவின் சிங்களக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. தமிழ்ப் படைகளை விரட்டி இலங்கையை ஒரு குடைக்கீழ்க் கொண்டுவந்ததைச் சொல்லிவிட்டு, சிவனொளிபாதமலை யாத்திரிகருக்குத் தங்குமிடமும் சோறும் ஒதுக்கிய கணக்குக்குப் போய்விடுகிறது அது. இளவரசி யாரும் அதில் வருவதில்லை.