கொள்ளைநோயும் இரண்டு பேட்டைகளும்

மும்பையில் வாழும் தமிழன்பர்களுக்கு மாதுங்கா என்றதும் பூக்கடைகளும், வாழையிலைக் கட்டுகளும், காப்பிக்கொட்டை வறுபடும் மணமும் நினைவுக்கு வரும். அகன்ற சாலைகளும் அவற்றின் இருமருங்கிலும் நிழல் விரிக்கும் மரங்களும் கண்முன் தோன்றும். மத்திய இருப்புப்பாதைக்குக் கிழக்கே இருப்பது இப்பகுதி. அதே பாதைக்கு மேற்கே, நடந்தே போய்வரக்கூடிய தொலைவில், தாராவி இருக்கிறது. நெல்லைச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலை நாடி வந்த நம்மவரின் வழித்தோன்றல்கள் அங்கே பல்லாயிரவர். ஒரு பக்கம் தெரு அகன்றதற்கும், மறு பக்கம் இருவர் எதிர்ப்பட்டால் ஒருவர் ஒதுங்கி வழிவிடவேண்டிய சந்துகள் நிலைத்துவிட்டதற்கும் காரணம் தேடப் புகுந்தால், நாம் 1896ஆம் ஆண்டுக்குச் செல்லவேண்டும். பம்பாயில் பிளேக் நோய் புகுந்த ஆண்டு அது.

அவ்வாண்டு செப்டம்பர்த் திங்களில், துறைமுகத்தை அடுத்த மாண்ட்வி என்னும் நெருக்கமான பகுதியில், டாக்டர் அக்காசியோ வியேகாஸ் என்னும் கோவா நாட்டு மருத்துவர் கடுஞ்சுரமும் நெறிகட்டியும் கண்ட நோயாளிகளைப் பார்த்து, இது பிளேக் என்று துணிந்து கூறினார். தானியக் கிடங்குகளில் எலிகள் செத்து விழுந்தன. அடுத்த சில மாதங்களில் நகரத்து மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஊரைவிட்டு ஓடினர் என்பர். 1897 பிப்ரவரியில் தொற்றுநோய்ச் சட்டம் பிறந்தது. மார்ச்சு மாதம் பிளேக் கமிட்டி ஒன்று அமைக்கப்பட்டது. அதற்குத் தலைவர் மருத்துவரல்லர். ஜெனரல் கேட்டக்கர் என்னும் படைத்தலைவர். இந்த ஒரு நியமனமே அன்றைய சர்க்காரின் மனப்போக்கைக் காட்டப் போதுமென்று நமக்குத் தோன்றுகிறது.

வீடு வீடாகச் சோதனை நடந்தது. நோயுற்றோரை மருத்துவமனைக்கும், உடனிருந்தோரைத் தனிமுகாமுக்கும் பிரித்து அனுப்பினர். கூரை ஓடுகளைப் பிரித்து வெயிலை உள்ளே விட்டனர். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தனர். குடியிருக்கத் தகுதியற்றது என்று வீட்டின்மேல் எழுத்துப் பொறித்தனர். ஆனால் நோயாளிக்குக் கொடுக்கத்தக்க நம்பகமான மருந்து அந்நாளில் எவரிடமும் இல்லை. நோய் முற்றிய நிலையில் கொண்டுசெல்லப்பட்டோரில் பெரும்பாலோர் மீளவில்லை. ஆகவே, ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பமாட்டான் என்ற எண்ணம் ஏழைத் தொழிலாளர் நெஞ்சில் வேரூன்றியது. 1896 அக்டோபர் 29 அன்று ஆலைத் தொழிலாளர் ஏறத்தாழ ஆயிரம் பேர் ஆர்தர் ரோடு மருத்துவமனையைத் தாக்கினர். 1898 மார்ச்சில், மதன்புராவின் நெசவாளர் தெருவில், நோயுற்ற ஒரு சிறுமியைச் சோதிக்க வந்தவர்களைத் தடுத்ததில் கலகமே மூண்டது. நோயாளிகளை வீட்டார் பரண்மேலும் பெட்டிகளுக்குப் பின்னும் மறைத்து வைத்தனர். இதை அறியாமை என்று எழுதிய அதிகாரிகள் பலர். தாயின் மடியிலிருந்து பிள்ளையைப் பிரித்து எடுத்துச் செல்பவர், பிள்ளையைத் திருப்பித் தருவேன் என்று உறுதி கூற இயலாதபோது, கதவைத் தாழிடுவதில் ஓர் அறிவு இருக்கத்தான் செய்கிறது.

இதற்குச் சான்று அந்நாளிலேயே கிடைத்தது. ஒவ்வொரு சமூகத்தாரும் தத்தம் பொருளால் தனித்தனி மருத்துவமனைகளை நடத்திக்கொள்ளச் சர்க்கார் இசைந்ததும், முன்பு மறைந்திருந்தோர் தாமே வந்து சேர்ந்தனர். தம் மொழி பேசுவோரும் தம் உணவறிந்தோரும் அங்கே இருந்தனர். ஹாஃப்கின் என்னும் அறிஞர் கிராண்ட் மருத்துவக் கல்லூரியின் ஓர் அறையில் பிளேக் தடுப்பூசியை உருவாக்கி, 1897 ஜனவரி 10 அன்று முதலில் தம் உடம்பிலேயே குத்திக்கொண்டார். மூன்றாம் ஆகாகான் பலர் அறிய அவ்வூசியைப் போட்டுக்கொண்ட பிறகு, கோஜாக்கள் ஆயிரக்கணக்கில் முன்வந்தனர். நோய் புணேயிலும் பரவியது. வீடு புகுந்து தேடிய முறை அங்கே மக்களை எவ்வளவு கொதிக்கச் செய்தது என்பதற்கு, 1897 ஜூன் 22 அன்று பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டதே சான்று. அதே புணேயில்தான் சாவித்திரிபாய் பூலே, முண்டுவாவிலிருந்து நோயுற்ற சிறுவன் ஒருவனைத் தம் முதுகில் சுமந்து, மருத்துவரான தம் மகன் நடத்திய சிகிச்சை இடத்திற்குக் கொண்டு சேர்த்தார். நோய் தொற்றி 1897 மார்ச்சு 10 அன்று உயிர்நீத்தார். வள்ளல்கள் இருந்த சமூகத்துக்கு மருத்துவமனை கிடைத்தது. வள்ளல்கள் இல்லாதவருக்குச் சாவித்திரிபாய் போன்ற ஒருவர் அமைந்தால் உண்டு.

பிளேக்கின் அச்சத்தில் பிறந்ததே பம்பாய் நகர அபிவிருத்தி டிரஸ்டு. 1898ஆம் ஆண்டு இறுதியில் அமைந்த இந்நிறுவனம், காற்றும் வெளிச்சமும் இல்லாமையே நோய்க்கு வித்து என்று கொண்டு, நெரிசலான பகுதிகளை இடித்துச் சாலைகள் அமைத்தது. தாதர், மாதுங்கா, வடாலா, சயான் ஆகிய வெற்றுநிலங்களை மனைகளாக வகுத்தது. நாம் போற்றும் மாதுங்காவின் அகன்ற தெருக்கள் இவ்வாறு பிறந்தன. அவை வீடுகளால் நிறைந்தபோது தென்னாட்டு எழுத்தர்களும் கணக்கர்களும் குடியேறினர். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றிற்று. இடிக்கப்பட்ட வீடுகளிலிருந்த கூலிமக்களுக்கோ ஈடான வீடுகள் போதிய அளவில் எழவில்லை. அவர்கள் அடுத்த தெருவின் சால்களிலும் நகரின் ஓரங்களிலும் முன்னிலும் நெருங்கி அடைந்தனர். நாற்றமுடைய தொழில்கள் யாவும் அன்று ஊரின் எல்லைக்கு ஒதுக்கப்பட்டன. கோலி மீனவரின் பழஞ்சிற்றூராகிய தாராவி, தோல் பதனிடுவோரையும் குயவரையும் ஏற்றுக்கொண்டது. அங்கே தெரு வகுக்க எந்த டிரஸ்டும் வரவில்லை.

இருபது ஆண்டுகளுக்குப்பின் மற்றொரு கொள்ளைநோய் வந்தது. 1918 ஜூன் 10 அன்று பம்பாயில் காவலர் எழுவர் சுரத்துடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவருள் ஒருவர் துறைமுகத்தில் பணிபுரிந்தவர். இன்ஃபுளுவென்சா என்னும் அந்நோய் செப்டம்பரில் இரண்டாம் முறை எழுந்தபோது கொடுமை பன்மடங்காயிற்று. அக்டோபர் 6 என்னும் ஒரே நாளில் நகரில் 768 பேர் மாண்டனர். மருத்துவர்களில் பலர் போர்முனையில் இருந்தமையால், தொண்டர் சங்கங்களே தெருத்தெருவாக மருந்து கொண்டு சென்றன. நகரத்து இறப்புக் கணக்கு ஒன்றை நாம் இங்கே குறிப்பிடவேண்டும். ஐரோப்பியரில் 1,000 பேருக்கு 8.3 பேர் இந்நோயால் இறந்தனர்; பார்சிகளில் 9 பேர்; தாழ்த்தப்பட்ட சாதி இந்துக்களிலோ 61.6 பேர். கிருமி ஒன்றே, காற்றும் ஒன்றே. படுக்க இடமும், பருகப் பாலும், அருகிருந்து பார்க்க ஆளும் இருந்தவர் பிழைத்தனர்.

அதன்பின் மருத்துவ வசதிகள் பெருகவில்லை என்று சொல்லமுடியாது. பரேலில் 1926இல் கே. இ. எம். மருத்துவமனை திறக்கப்பட்டது. தாராவியின் வாயிலிலேயே சயானில், போர்க்காலப் படைக்கொட்டகைகளில் 1947ஆம் ஆண்டு 50 படுக்கைகளோடு தொடங்கிய நகரசபை மருத்துவமனை, இன்று லோகமான்ய திலகர் பெயரால் விளங்குகிறது. அதனைச் சார்ந்து தாராவிக்குள் இயங்கும் சுகாதார நிலையத்தை மக்கள் ‘சோட்டா சயான்’ என்பர். எனினும் அன்றாடச் சுரத்துக்கும் இருமலுக்கும் தாராவியார் முதலில் நாடுவது சந்தின் முனையில் ஒற்றை அறையில் அமர்ந்திருக்கும் டாக்டரையே. கூலியை இழக்காமல் இரவு ஒன்பது மணிக்குமேல் போய்ப் பார்க்கலாம். கையில் காசு குறைந்தால் நாளை தருகிறேன் என்று சொல்லலாம்.

2020ஆம் ஆண்டு கோவிட் வந்தபோது முதலில் மூடியவை இந்த ஒற்றை அறைகள்தாம். பாதுகாப்பு உடையின்றிச் சுரநோயாளியைத் தொட மருத்துவர் அஞ்சினர். அவ்வச்சத்தைக் குறைகூறுவது எளிது. நாயர் மருத்துவமனை முழுவதும் கோவிட் நோயாளிகளுக்கென ஒதுக்கப்பட்டது. பிரசவத்துக்கும், சிறுநீரகச் சுத்திகரிப்புக்கும், காசநோய் மருந்துக்கும் சென்றுவந்தவர் வேறிடம் தேட நேர்ந்தது. ரயில்கள் நின்றுபோயின. மாதுங்கா லேபர் காம்ப் என்னும் பகுதி பெயரால் மாதுங்கா, இருப்பதோ தாராவியில். அங்கிருந்து விடியலில் மிதிவண்டியில் இட்டிலிப் பாத்திரம் ஏற்றி நகரெங்கும் விற்றுவந்த நம்மவர் வீட்டிலேயே அமர்ந்தனர். நாடு முழுவதும் பதிவான காசநோயாளர் 2019இல் ஏறத்தாழ 24 இலட்சம். 2020இல் 18 இலட்சம். நோய் குறைந்ததால் எண் குறையவில்லை. நோயாளிகள் கணக்கில் ஏறாமற்போயினர்.

தாராவியில் முதல் கோவிட் நோயாளி 2020 ஏப்ரல் 1 அன்று கண்டறியப்பட்டு, அன்றே இறந்தார். சுமார் இரண்டரைச் சதுர கிலோமீட்டரில் ஆறு இலட்சம் முதல் பத்து இலட்சம் வரை எனப் பலவாறு மதிப்பிடப்படும் மக்கள். பத்தடிக்குப் பத்தடி அறையில் எட்டுப்பேர். ஏறத்தாழ எண்பது விழுக்காட்டினருக்குப் பொதுக் கழிப்பிடம். விலகியிருங்கள் என்ற கட்டளை இங்கே எவ்வாறு பொருந்தும்? ஜி-வடக்கு வட்டத்தின் உதவி ஆணையர் கிரண் திகாவ்கரும் அவருடைய குழுவினரும், நோய் தேடிவரும்வரை காத்திராமல் நோயைத் தேடிச் செல்வதென முடிவு செய்தனர். தேடுதல் என்ற அளவில் இது 1897இன் முறைதான். வேறுபாடு, யார் சென்றார்கள் என்பதிலே இருந்தது. மாகிம்–தாராவி மருத்துவர் சங்கத்தைச் சேர்ந்த தனியார் டாக்டர்கள் ஏறத்தாழ 24 பேர், நகரசபை அளித்த பாதுகாப்பு உடையணிந்து சந்துகளுக்குள் நுழைந்தனர். பல ஆண்டுகளாகத் தம் பிள்ளைகளுக்கு ஊசிபோட்டவர் வாசலில் நிற்கும்போது எவர்தாம் கதவைத் தாழிடுவர்? ஏப்ரல் வெயிலில், காற்றில்லாச் சந்துகளில், அவ்வுடைக்குள் அவர்கள் மூச்சுத் திணறினர். ஆகவே, ஏறத்தாழ 47,500 பேரைச் சோதித்தபின், இல்லந்தோறும் செல்வதை விடுத்து ஆங்காங்கே சுரமுகாம்கள் அமைத்தனர்.

நோயுற்றோரைத் தனித்து வைக்க ஊரைவிட்டு நெடுந்தொலைவு கொண்டுபோகவில்லை. பள்ளிகளும், திருமணக் கூடங்களும், ராஜீவ்காந்தி விளையாட்டு வளாகமும் தங்குமிடங்களாயின. இயற்கைப் பூங்காவின் அருகே 200 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை இரு வாரங்களில் எழுந்தது. அங்கே உணவும் மருந்தும் இலவசம். வீட்டுநெரிசலைவிட அங்கே இருப்பதே நலம் என்று கருதித் தாமே சென்றவரும் உண்டு. 1897இன் தனிமுகாமை அறிந்தவர் இதை நம்பமாட்டார். ஜூலை 10 அன்று உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் தாராவியைப் பெயர்சொல்லிப் பாராட்டினார்.

இப்பாராட்டில் மயங்கிவிடவும் நாம் விரும்பவில்லை. அதே ஜூலைத் திங்களில் மூன்று வட்டங்களில் குருதிச் சோதனை நடத்தப்பட்டது: செம்பூர் அடங்கிய எம்-மேற்கு, மாதுங்காவும் சயானும் அடங்கிய எஃப்-வடக்கு, தகிசர் அடங்கிய ஆர்-வடக்கு. தாராவி இவற்றில் சேராது. குடிசைப் பகுதிகளில் நூற்றுக்கு 57 பேரை நோய் முன்னமே தொட்டுச் சென்றிருந்தது. அதே வட்டங்களின் பிற குடியிருப்புகளில் 16 பேரை. செம்பூரின் பங்களாவுக்கும் அதன் மதிலை ஒட்டிய குடிசைக்கும் இடையே அந்த இரண்டு எண்களும் நின்றன. தாராவியில் நோய் தணிந்ததில் தேடிச்சென்ற பணிக்கு எவ்வளவு பங்கு, நோய் முன்னமே பரவி ஓய்ந்ததற்கு எவ்வளவு பங்கு என்று அறிஞர்கள் வாதிட்டனர். நோய் ஓய்ந்ததற்குக் காரணம் எதுவாயினும், மூச்சு முட்டியவனுக்கு உயிர்வளி கிடைத்தது அதனால் சிறுமைப்படாது.

தாராவியை இடித்து மீண்டும் கட்டும் திட்டம் இப்பொழுது நடைபெறுகிறது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் வாழ்வதாகச் சான்று காட்டுவோர்க்குத் தாராவியிலேயே விலையின்றி வீடு. பின்வந்தோர்க்கும் மாடியறைகளில் வாழ்வோர்க்கும் வெளியே வேறிடம் என்பது ஏற்பாடு. அகன்ற சாலைகள் அங்கும் வரட்டும். வெளியே அனுப்பப்படும் குடும்பத்துக்குச் சயான் மருத்துவமனை எத்தனை கல் தொலைவாகும், அக்குடும்பத்தின் டாக்டர் தம் ஒற்றை அறையை எங்கே திறப்பார் என்பவற்றை வரைபடங்களில் நாம் தேடிக்கொண்டிருக்கிறோம்.