கடல் தாண்டிய கரண்டும் ஒரு கேபிள் கம்பெனியும்

நியூசிலாந்து என்றதும் நம்ம மக்களுக்கு ஞாபகம் வருவது ரெண்டே விஷயம்தான். ஒண்ணு கிரிக்கெட், இன்னொண்ணு ஆடு. (டூயட் பாட்டில் பின்னாடி தெரியும் பனிமலையைச் சேர்த்தால் மூணு.) இந்தப் பதிவு அது எதைப் பற்றியும் இல்லை. ஒரு இங்கிலாந்து கம்பெனி அந்தத் தீவு நாட்டுக்குக் கடலடி மின்சாரக் கேபிள் விற்ற கதை. கொஞ்சம் டெக்னிக்கலா இருக்கும், பொறுத்துக்கோங்க :-)

முதலில் பிரச்சினை என்னன்னு பார்ப்போம். நியூசிலாந்தில் முக்கியமா ரெண்டு தீவு. ஜனங்களில் பெரும்பாலானவர்கள் இருப்பது வட தீவில். ஆக்லாந்து, வெலிங்டன் எல்லாம் அங்கேதான். மின்சாரம் எடுக்கத் தோதான பெரிய ஏரிகளும் ஆறுகளும் தென் தீவில். கிணறு ஒரு வீட்டில், தாகம் இன்னொரு வீட்டில். நடுவில் குக் நீரிணை. குறுகலான இடத்தில் 22 கி.மீ. சொச்சம்தான். ஆனால் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் பேர் போன, மாலுமிகள் மதிக்கிற கடல் அது.

கேபிள் போட்டுடலாம்னு சொல்றது சுலபம். கேபிள் என்பது நீளமான ஒரு கெபாசிட்டர். ஏசி மின்சாரம் அனுப்பினால், விநாடிக்கு 50 தடவை அந்த கெபாசிட்டரை நிரப்பிக் காலி பண்ணவே கரண்ட் போய்க்கொண்டிருக்கும். தூரம் கூடக் கூட, அந்தப் பக்கம் போய்ச் சேருவது குறையும். டிசி என்றால் ஒரு தடவை நிரப்பினால் போதும். அதனால்தான் இந்த மாதிரி இடங்களில் உயர் அழுத்த டிசி.

அதில் யாருக்கு அனுபவம் இருந்தது? 1954-ல் சுவீடன் தன் காட்லாந்து தீவுக்குக் கேபிள் போட்டது. 100 கிலோவோல்ட், வெறும் 20 மெகாவாட். 1961-ல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே 160 மெகாவாட். நியூசிலாந்து கேட்டது 250 கிலோவோல்ட், 600 மெகாவாட்!

இங்கேதான் நம்ம கம்பெனி வருது. பேர் பிரிட்டிஷ் இன்சுலேட்டட் காலண்டர்ஸ் கேபிள்ஸ், சுருக்கமா பி.ஐ.சி.சி. 1945-ல் ரெண்டு பழைய கம்பெனிகள் சேர்ந்து உருவானது. அதில் காலண்டர் குடும்பம் தொழில் ஆரம்பித்தது கேபிளில் இல்லை, தாரில்! டிரினிடாட் தீவிலிருந்து வந்த இயற்கைத் தாரைத் தேம்ஸ் நதிக்கரையில் எரித் என்ற ஊரில் சுத்திகரித்தார்கள். 1880-களில் மின்விளக்கு வந்ததும், இதையே கம்பிக்கு இன்சுலேஷனா பூசினால் என்னன்னு யோசித்துக் கேபிள்காரர்கள் ஆனார்கள்.

1950-களின் நடுவில் நியூசிலாந்து அரசு இவர்களிடம்தான், குக் நீரிணையில் கேபிள் நிற்குமான்னு ஆராயச் சொன்னது. மாதிரிக் கேபிளை அந்தக் கடலிலேயே போட்டுச் சோதித்தார்கள். நம்ம பாஷையில் சொன்னால் நேரா புரொடக்ஷனில் டெஸ்ட்டிங். வேற வழியில்லை. அந்த நீரோட்டத்தில், பாறை மேல் கேபிள் எப்படித் தேயும்னு லேபில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது.

நடுவில் அரசியலும் உண்டு. எங்க ஆத்துத் தண்ணில எடுக்கிற கரண்டை வடக்கே கொண்டு போறியான்னு தென் தீவில் எதிர்ப்பு. (நமக்குப் புதுசா என்ன?) 1961-ல் அரசு ஒப்புதல் கொடுத்தது.

1964-ல் போட்டினியா என்ற கப்பல் கேபிள்களை இறக்கியது. மொத்தம் மூணு, ஒவ்வொன்றும் சுமார் 40 கி.மீ. வேலைக்கு ரெண்டு போதும், மூணாவது உபரி. செப்புக் கம்பியைச் சுற்றி எண்ணெய் ஊறிய காகிதம், அதற்குள் அழுத்தத்தில் வாயு. பத்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு அட்மாஸ்பியர் கணக்கில் கடல் வெளியிலிருந்து நசுக்கும். அதை உள்ளே இருக்கும் வாயு தாங்கணும். 1965-ல் தென் தீவின் பென்மோர் அணையிலிருந்து வெலிங்டன் பக்கத்தில் ஹேவர்ட்ஸ் வரை மின்சாரம் ஓடியது. மொத்தத் தூரம் சுமார் 610 கி.மீ. அதில் கடல் 40 கி.மீ.தான், ஆனா மொத்த பயமும் அந்த நாற்பதில்தான்.

இதுவரைக்கும் இன்ஜினியர்களின் வெற்றிக் கதை. எனக்கு சுவாரசியமா பட்டது இதற்கப்புறம்தான்.

கேபிளுக்கு அலையை விடப் பெரிய எதிரிகள் நங்கூரமும் மீன்பிடி வலையும். அதனால் கேபிள் கிடக்கும் பாதையில், சுமார் 7 கி.மீ. அகலத்துக்கு, மீன்பிடிக்கவும் நங்கூரம் போடவும் தடை. 1996-ல் இதற்கென்றே ஒரு சட்டம். மீறினால் ஒரு லட்சம் நியூசிலாந்து டாலர் வரை அபராதம். படகிலும் ஹெலிகாப்டரிலும் ரோந்து போகிறார்கள். ஆக, அந்த நாடு வாங்கியது மூணு கேபிளை மட்டும் இல்லை. கடலில் ஒரு பட்டையையே கேபிளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டது. விலைப் பட்டியலில் இந்த வரி இருக்காது. இதைக் கட்டுவது அங்கே காலங்காலமா மீன் பிடித்தவர்கள்.

விற்றவர்கள் கதை என்ன ஆச்சு? 1991-ல் புதுக் கேபிள்கள் வந்தன. 1999-ல் பி.ஐ.சி.சி. தன் மின்கேபிள் தொழிலை அமெரிக்காவின் ஜெனரல் கேபிளுக்கு விற்றது. 2000-ல் பேரையே பால்ஃபோர் பீட்டி என்று மாற்றிக்கொண்டு கட்டுமானக் கம்பெனி ஆகிவிட்டது. 1991-ல் போட்ட கேபிள்களையும் 2032 வாக்கில் மாற்றத் திட்டம் இருக்கிறது. கம்பெனி போச்சு, முதல் கேபிளும் போச்சு. கடலில் அந்தப் பட்டை மட்டும் அப்படியே இருக்கு.

இதை ஏன் இவ்வளவு விலாவாரியா எழுதறேன்னா, நம்ம பக்கத்திலும் இதே பேச்சு ஓடுது. இந்தியா-இலங்கை மின் இணைப்பை ஆராய 2010-ல் ஒப்பந்தம் போட்டார்கள். 2025 ஏப்ரலில் மறுபடி ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம். டெக்னிக்கலா பார்த்தால் பாக் நீரிணை குக் நீரிணை அளவுக்கு ஆழமும் இல்லை, முரடும் இல்லை. கேபிள் செய்ய இன்று உலகில் ஆளும் உண்டு. ஆனால் குக் நீரிணையில் இல்லாத ஒன்று இங்கே இருக்கு. ராமேஸ்வரத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்து, ஒரே மீனுக்காக ஏற்கனவே அடித்துக்கொண்டிருக்கும் ரெண்டு கரை மீனவர்கள். ஆழம் குறைந்த கடலில், அடியைச் சுரண்டும் இழுவை மடிக்கு நடுவே கேபிள் போகணும். மண்ணுக்குள் புதைக்கலாம். அப்பவும் எந்தப் பட்டையில் வலை போடக்கூடாதுன்னு யாராவது ஒரு கோடு கிழிச்சே ஆகணும்.

கேபிள் வரட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனா அந்தக் கோட்டைக் கிழிக்கும்போது, மேஜையில் கிலோவோல்ட் பேசறவங்களோட வலை போடறவங்களும் உட்காரணும். கடலோர ஊர்க்காரங்க யாராவது படிச்சா, உங்க பக்கத்துல இதைப் பற்றி என்ன பேசிக்கறாங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க.