துருத்தியின் வழித்தோன்றல்கள்

நெருப்புக்குக் காற்றூட்டினால் அது மூர்க்கம் கொள்ளும் என்பது மனிதன் கண்டறிந்த மிகப் பழைய தொழில்நுட்ப உண்மைகளுள் ஒன்று. கொல்லனின் உலைக்களத்தில் துருத்தி செய்வது அதைத்தான். ஒரு காரின் எஞ்சினில் சூப்பர்சார்ஜர் என்னும் கருவி செய்வதும் அதைத்தான். இரண்டுக்கும் இடையே நீண்ட காலமும் பல கண்டங்களும் கிடக்கின்றன. ஆனால் கொங்கு நாட்டில் நின்று பார்ப்பவருக்கு அந்தத் தொலைவு அத்தனை பெரிதாகத் தோன்றுவதில்லை.

பவானிக்குத் தெற்கே, நொய்யலின் வடகரையில் இருக்கிறது கொடுமணல். 1985 முதல் அங்கே நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும், அவற்றுக்குக் காற்றைச் செலுத்திய சுடுமண் குழல்களின் துண்டுகளும் வெளிப்பட்டன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே இந்நிலத்தின் மனிதர்கள் காற்றை அடக்கி ஆளக் கற்றிருந்தனர். அப்படியானால் ஒரு கேள்வி எழுகிறது. துருத்தியை இவ்வளவு நெருக்கமாக அறிந்த ஒரு நிலம், பட்டறைகளுக்கும் பந்தயக் கார்களுக்கும் பெயர்பெற்ற ஒரு நிலம், தன் பந்தயக் காரை வடிவமைக்கும் வாய்ப்பு வந்தபோது துருத்தியின் வழியைத் தேர்ந்தெடுக்கவில்லை. அது ஏன்? அந்தத் தேர்வினால் விளைந்தது என்ன?

முதலில் கருவியைப் பார்த்துவிடுவோம். பெட்ரோல் எஞ்சின் என்பது மூச்சு விடும் ஒரு பொருள். பிஸ்டன் கீழிறங்கும்போது உண்டாகும் வெற்றிடத்தை நிரப்ப வெளிக்காற்று உள்ளே நுழைகிறது. அந்தக் காற்றின் அளவே எவ்வளவு பெட்ரோலை எரிக்கலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. கடல்மட்டத்தில் காற்றின் இயல்பான அழுத்தம் சதுர அங்குலத்திற்கு 14.7 பவுண்டு. எஞ்சினின் சுழற்சியிலிருந்தே ஒரு பெல்ட்டின் வழியாக விசையை எடுத்து ஓர் ஊதியைச் சுழற்றி, அதன்மேல் மேலும் 6 பவுண்டு அழுத்தம் கொடுத்தால், கணக்களவில் ஏறத்தாழ 40 விழுக்காடு கூடுதல் காற்று உள்ளே போகும். சிறிய எஞ்சின் பெரிய எஞ்சினைப்போல் உழைக்கத் தொடங்கும். சூப்பர்சார்ஜரின் தத்துவம் இவ்வளவுதான்.

இந்த ஊதியின் பிறப்புக்கதை கோவைக்காரர் ஒருவரைப் புன்னகைக்க வைக்கும். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் கானர்ஸ்வில் என்னும் சிற்றூர். அங்கே கம்பளி ஆலை நடத்திய பிலாண்டர் ரூட்ஸ், பிரான்சிஸ் ரூட்ஸ் என்னும் சகோதரர்கள், ஆலையை இயக்கும் நீர்ச்சக்கரத்திற்கு மாற்றாக ஒன்றைச் செய்ய முயன்றார்கள். ஓர் உறைக்குள் எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு உருளைகள். நீருக்காகச் செய்த அந்தப் பொறி காற்றைத் தள்ளுவதில் வல்லதாக இருந்தது. இரும்பு வார்ப்பவர்களின் உலைக்கு இது உகந்தது என்பது விரைவிலேயே புலப்பட்டது. 1860இல் அவர்கள் காப்புரிமை பெற்றார்கள். நெசவாலையில் கருக்கொண்டு வார்ப்பட உலையில் வளர்ந்த அந்தப் பொறி, பிறகுதான் மோட்டார் வாகனத்திற்கு வந்துசேர்ந்தது.

எஞ்சினுக்குள் காற்றை வலிந்து செலுத்தும் எண்ணத்தை 1885ஆம் ஆண்டிலேயே காட்லீப் டெய்ம்லர் தம் காப்புரிமையில் குறித்திருந்தார். ஆனால் விற்பனைக்கான கார்களில் அது வந்தது 1921இல், பெர்லின் கண்காட்சியில் மெர்சிடிஸ் வைத்த வண்டிகளில்தான். 1923இல் மோன்ஸாவில் ஃபியட் கார் வென்றபோது, ஊதி பொருத்திய வண்டி கிராண்ட் பிரீ பந்தயம் ஒன்றில் பெற்ற முதல் வெற்றி அதுவாயிற்று. அதன்பின் ஐரோப்பாவில் அந்தக் கீச்சொலி ஒரு மோகமாகவே ஆனது.

அந்த மோகத்தின் புகழ்பெற்ற அடையாளம் 'புளோயர் பென்ட்லி'. டிம் பிர்க்கின் என்னும் பந்தய வீரர் நாலரை லிட்டர் பென்ட்லி காரின் முகப்பில் ஆம்ஹர்ஸ்ட் வில்லியர்ஸ் வடிவமைத்த ரூட்ஸ் வகை ஊதியைப் பொருத்த முனைந்தார். நிறுவனர் டபிள்யூ. ஓ. பென்ட்லிக்கு அதில் உடன்பாடில்லை. ஆற்றல் வேண்டுமானால் எஞ்சினைப் பெரிதாக்க வேண்டும், அதன் தொண்டையில் காற்றைத் திணிக்கலாகாது என்பது அவர் நிலைப்பாடு. விற்பனைக்கென 50 வண்டிகள் செய்யப்பட்டன. இன்று அவற்றின் விலை மலைக்க வைப்பது. ஆனால் பென்ட்லி கார்கள் லே மான்ஸ் நெடும்பந்தயத்தில் 1924இலும் 1927 முதல் 1930 வரையிலும் பெற்ற ஐந்து வெற்றிகளில் ஒன்றுகூட ஊதி பொருத்திய வண்டியுடையது அன்று. புகழ் ஒன்றுக்கு, வெற்றி மற்றொன்றுக்கு. இதை நினைவில் வைத்துக்கொள்வோம், பின்னால் தேவைப்படும்.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு இந்தக் கருவி செல்வந்தரின் பந்தய முற்றத்திலிருந்து நடுத்தர மனிதனின் வீட்டுக் கொட்டகைக்கு இறங்கியது. ஐம்பதுகளில் அமெரிக்காவில் ஜட்சன் என்னும் நிறுவனம் ஃபோக்ஸ்வாகன், எம்.ஜி. கார்களுக்கான சூப்பர்சார்ஜரைப் பெட்டியில் அடைத்து விற்றது. உரிமையாளரே ஸ்பேனரைக் கையிலெடுத்துப் பொருத்திக்கொள்ளலாம். எண்பதுகளின் இறுதியில் வந்த மாஸ்டா எம்.எக்ஸ்-5 போன்ற சிறிய ஸ்போர்ட்ஸ் கார்கள் பழையவை ஆனபின் அவற்றுக்கும் இத்தகைய தொகுப்புகள் வந்தன. மேலைநாடுகளில் வார இறுதி நாட்களில் வீட்டுக் கொட்டகையில் இந்த வேலையைச் செய்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அது வெறுமனே நாலு போல்ட்டுகளை முடுக்கும் வேலை அன்று. அழுத்தப்பட்ட காற்று சூடேறும். சூடேறிய கலவை தீச்சுடர் பரவி வந்தடையக் காத்திராமல் தானே வெடிக்கும். மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்று சொல்லும் அந்தத் தட்டோசை நீடித்தால் பிஸ்டன் உடையும். ஆகவே தீப்பொறியின் நேரத்தைச் சற்றுப் பின்தள்ள வேண்டும், கூடுதல் காற்றுக்கு ஈடாகப் பெட்ரோலையும் கூட்ட வேண்டும், உயர்ந்த ஆக்டேன் பெட்ரோல் வேண்டும். பழைய எஞ்சினாக இருந்தால் ஒவ்வொரு சிலிண்டரும் அழுத்தத்தைத் தாங்குகிறதா என்று முன்கூட்டியே சோதிக்க வேண்டும். ஒன்றின் ஆற்றலைக் கூட்டினால் கிளட்ச், பிரேக், ரேடியேட்டர் என மற்ற எல்லாவற்றின் பலவீனமும் வெளிப்படும். ஆற்றல் என்பது ஒரு தனி உறுப்பின் குணமல்ல, முழு உடலின் ஒப்பந்தம் என்பதை இந்த வேலை கற்பித்துவிடுகிறது.

கொங்கு நாட்டுக்கு வருவோம். கானர்ஸ்வில் கண்ட அதே வரிசை இங்கும் நிகழ்ந்தது என்பது வியப்புக்குரியது. 1888இல் கோவையில் ஸ்டேன்ஸ் நூற்பாலை வந்தது. முப்பதுகளில் பைக்காரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. ஆலைகளுக்கு உதிரிபாகங்கள் வேண்டியிருந்தன, கிணறுகளுக்குப் பம்புகள் வேண்டியிருந்தன. அவற்றுக்காக வார்ப்படப் பட்டறைகள் எழுந்தன. ஆலை, உலை, பிறகு மோட்டார். பவானியில் ஜமக்காளத் தறிகளும், ஆற்றின் மறுகரையான குமாரபாளையத்தில் விசைத்தறிகளும் ஓட, இவ்விரு ஊர்களையும் தொட்டுச் செல்லும் சேலம் - கோவை நெடுஞ்சாலை, தறியின் உலகத்தையும் எஞ்சினின் உலகத்தையும் தைக்கும் நூலாக அமைந்தது.

இந்த மரபின் முதல் பெரும் ஆளுமை ஜி. டி. நாயுடு. 1893இல் கலங்கலில் பிறந்த அவர், இளமையில் ஓர் ஆங்கில அதிகாரியின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, உணவு விடுதியில் வேலை செய்து சேர்த்த பணத்தில் அதை வாங்கி, பிரித்துப் பூட்டிக் கற்றார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டினார். 1952இல் இரண்டாயிரம் ரூபாய் விலையில் இரண்டு பேர் அமரும் பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். அரசின் உரிமம் கிடைக்காததால் அது அதற்குமேல் செல்லவில்லை. கொங்குப் பட்டறையின் திறமைக்கு நேர்ந்த தடையை இந்த ஒரு நிகழ்ச்சியே சொல்லிவிடும். கை தயாராக இருந்தது, தாளில் முத்திரை விழவில்லை.

ஆனால் காற்றை அழுத்தும் கலை வேறொரு திசையில் இங்கே செழித்தது. பவானியிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத திருச்செங்கோடு, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளின் தலைநகரம். அந்த வண்டிகள் நாடெங்கும் சென்று பாறையைத் துளைக்கின்றன. லாரியின் மேல் அமர்ந்திருக்கும் கம்ப்ரஸர் சதுர அங்குலத்திற்கு 200 பவுண்டுக்கும் மேலான அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, அடியிலிருக்கும் சம்மட்டியை இயக்கி, பாறைத்தூளை மேலே தள்ளுகிறது. அதற்குள் ஒன்றோடொன்று பின்னிச் சுழலும் இரட்டைத் திருகுருளைகளை முப்பதுகளில் நடைமுறைக்குரியதாக்கியவர் ஆல்ஃப் லைஷோல்ம் என்னும் சுவீடன் நாட்டுப் பொறியாளர். அதே திருகுருளைகள்தான் இன்று விலையுயர்ந்த கார்களின் சூப்பர்சார்ஜர்களில் ஒருவகை. ஒரு நாட்டில் அது உல்லாசத்தின் உறுப்பு, இங்கே தாகத்தின் கருவி. வானம் பார்த்த மேட்டு நிலத்தில் காற்றுக்கு வேறு அவசர வேலை இருந்தது.

கார்ப் பந்தயத்தின் கதைக்கு இந்தப் பின்புலம் வேண்டும். விடுதலைக்குப் பிறகு இந்தியாவில் ஓடியவை பெரும்பாலும் அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு ஆகிய மூன்றே. இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்தன. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அவற்றை நடத்தியது. அங்கே வெளிநாட்டுப் பந்தய வண்டி வைத்திருந்தவர் ஒரு வகை, உள்ளூர் வண்டியைச் செதுக்கியவர் இன்னொரு வகை. எண்பதுகளின் தொடக்கத்தில் விஜய் மல்லையா அங்கே என்சைன் ஃபார்முலா ஒன் வண்டியையே ஓட்டினார். எளியவர்களோ சிலிண்டர் ஹெட்டைச் சீவினார்கள், கார்புரேட்டரை மாற்றினார்கள், இருக்கைகளைக் கழற்றி எடையைக் குறைத்தார்கள். பணமே வேகத்தின் அளவுகோலாக இருந்த களம் அது.

இந்த இடத்தில்தான் கோவையின் எஸ். கரிவரதன் வருகிறார். லட்சுமி மில்ஸ் குடும்பத்தில் 1954இல் பிறந்தவர். பந்தய ஓட்டுநர், வண்டி வடிவமைப்பாளர். பணம் அவருக்குத் தடையல்ல. விரும்பியிருந்தால் வெளிநாட்டிலிருந்து மிகச் சிறந்த எஞ்சினையும் அதற்கு ஓர் ஊதியையும் வரவழைத்து, தன் ஒரு வண்டியை எல்லோரையும்விட வேகமாக்கியிருக்கலாம். எந்தச் செல்வந்தரும் அதைத்தான் செய்திருப்பார். அவர் எதிர்த்திசையில் சென்றார். 1983இன் இறுதியில் வெளிவந்த மாருதி 800 காரின் 796 சி.சி. கொண்ட மூன்று சிலிண்டர் எஞ்சினை எடுத்துக்கொண்டார். அதன் ஆற்றல் ஏறத்தாழ 40 குதிரைத்திறன்தான். அதைக் கொண்டு, ஒருவர் மட்டும் அமரும் சிறிய பந்தய வண்டிகளை எண்பதுகளின் பிற்பகுதியில் கோவையில் உருவாக்கினார். ஒன்றல்ல, ஒன்றைப்போலவே பல. 'ஃபார்முலா மாருதி' என்று அந்தப் பந்தயம் பெயர்பெற்றது.

எல்லா வண்டிகளும் ஒன்றே என்றால் வெல்வது ஓட்டுநரின் கையும் கண்ணுமே. உதிரிபாகம் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். கவிழ்ந்து நொறுங்கினால் அடுத்த பந்தயத்திற்குள் பட்டறையில் நிமிர்த்திவிடலாம். இங்கே சூப்பர்சார்ஜரைச் சேர்த்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். அன்றைய இந்தியப் பெட்ரோலின் ஆக்டேன் குறைவு, நாக்கிங் நிச்சயம். ஊதி இறக்குமதியாக வேண்டும், செலவு பெருகும். அதைச் சரிபார்க்கத் தெரிந்தவரைக் கூட வைத்திருப்பவரே வெல்வார். மீண்டும் களம் பணமுள்ளவர் கைக்குப் போயிருக்கும். டபிள்யூ. ஓ. பென்ட்லி பொறியியல் காரணத்துக்காக மறுத்ததை, கரிவரதனின் திட்டம் நீதியின் காரணத்துக்காகவும் தவிர்த்தது என்றே நான் வாசிக்கிறேன். ஒரு வண்டிக்கு அதிக மூச்சு ஊட்டுவதைவிடப் பல பேருக்கு மூச்சு விட இடம் கொடுப்பது மேலானது என்னும் முடிவு அது.

அந்த முடிவின் விளைவு வரலாற்றில் இருக்கிறது. கோவையைச் சேர்ந்த, ராலி வீரர் ஜி. ஆர். கார்த்திகேயனின் மகன் நரேன், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஸ்ரீபெரும்புதூர்த் தடத்தில் ஃபார்முலா மாருதி வண்டியில்தான் தன் பந்தய வாழ்வைத் தொடங்கினார். 2005இல் ஜோர்டான் அணியில் இடம்பெற்று, ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். அவ்வாண்டு அமெரிக்கப் பந்தயத்தில், டயர்ச் சிக்கலால் ஆறு வண்டிகள் மட்டுமே ஓடிய அந்த விசித்திரமான நாளில், நான்காவதாக வந்தார். வசதியான குடும்பத்துப் பிள்ளைதான். ஆனால் ஏறுவதற்கு உள்நாட்டிலேயே ஒரு முதல் படி இருந்தது. அதைக் கட்டியவர் இந்தக் காட்சியைக் காணவில்லை. 1995 ஆகஸ்டில் ஒரு சிறு விமான விபத்தில் கரிவரதன் இறந்தார். வயது 41. கோவைக்கருகே செட்டிபாளையத்தில், சிறு விமானங்களுக்காக உருவாக்கப்பட்ட ஓடுதளம் பந்தயத் தடமாக மாறி, 2003 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இன்று பெட்ரோலும் மேம்பட்டுவிட்டது, தடைகளும் இடம் மாறிவிட்டன. 2017இல் மாருதியே 998 சி.சி., மூன்று சிலிண்டர் எஞ்சினில் டர்போ ஊதி பொருத்தி, சுமார் 100 குதிரைத்திறனுடன் ஒரு பலேனோ காரை விற்றது. தொழிற்சாலையே செய்தால் அது சட்டம். வீட்டில் நாம் செய்தால், மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். தயாரிப்பாளரின் வரையறைக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாதென 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதிப்படுத்திவிட்டது. பழைய ஸ்போர்ட்ஸ் காரில் சூப்பர்சார்ஜர் ஏற்ற விரும்பும் இளைஞர் பொதுச்சாலையை மறந்து, பந்தயத் தடத்தையே நாட வேண்டும். உயிர்கள் நடமாடும் சாலையில் அது நியாயமே. ஆயினும், நாயுடு மோட்டார் சைக்கிளைப் பிரித்துக் கற்ற அந்தச் சுதந்திரம் எந்த இடத்தில் நடக்கலாம் என்பதை ஒரு சமூகம் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். தடம் இல்லாத ஊரில் ஆசை சாலைக்குத்தான் வரும்.

கொடுமணலின் உலைகள் அணைந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. துருத்தி மட்டும் ஓயவில்லை. வார்ப்பட உலையிலும், ரிக் வண்டியின் முதுகிலும், நெடுஞ்சாலையில் பவானியைக் கடக்கும் லாரிகளின் டர்போவிலும் அது மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது. அந்த மூச்சை யாருக்காகச் செலவிடுவது என்ற கேள்விக்குக் கோவையின் ஒரு பட்டறை, 40 குதிரைத்திறன் எஞ்சினைக் கொண்டு ஒரு விடை சொன்னது. அந்த விடை இன்னும் பழையதாகிவிடவில்லை.