ஸ்க்ரூவும் சென்சாரும்: ஏடிவி ஐட்லிங் கோளாறு, இரு தலைமுறை

யமஹாவின் கிரிஸ்லி 660, கார்புரேட்டர் வண்டி. அதன் வாரிசாக 2007 மாடலில் வந்த கிரிஸ்லி 700, ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டி. ஹோண்டாவின் ரின்கானும் இதே வழியில் போனது: 2005 வரை 650, கார்புரேட்டர், 2006 முதல் 680, இன்ஜெக்‌ஷன். எல்லாமே ஒற்றை சிலிண்டர் கொண்ட நான்கு சக்கர ஏடிவிகள். சேற்றிலும் புழுதியிலும் உழைப்பவை. ஆக்சிலேட்டரை விட்டதும் இன்ஜின் குலுங்குகிறது, ஏறி இறங்குகிறது, முன்னறிவிப்பில்லாமல் அணைந்துபோகிறது என்ற புகார் இரு தலைமுறைக்கும் பொது. காரணத்தைத் தேடிப் போகும் பாதைதான் வேறு.

கோளாறு ஐட்லிங்கில் மட்டும் தலைகாட்டுவது ஏன்? அப்போது த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கும். உள்ளே போகும் காற்றும் பெட்ரோலும் மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் சிறு பிசகு வந்தாலும் விகிதம் பெரிதாகக் கெடும். அதே பிசகு பாதி த்ராட்டிலில் தெரியவே தெரியாது.

முதலில் பெட்ரோல். கார்புரேட்டரில் ஐட்லிங்குக்குப் பெட்ரோல் கொடுப்பது பைலட் ஜெட். அதன் துளை பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. வண்டி சில மாதம் ஓடாமல் நின்றால் மிச்சப் பெட்ரோல் பிசினாக இறுகி அந்தத் துளையைத்தான் முதலில் அடைக்கும். ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வட்டமான ஒளிப்புள்ளி தெரிய வேண்டும்; பிறை வடிவில் தெரிந்தால் அடைப்பு இருக்கிறது. கம்பியால் குத்தக் கூடாது, துளை பெரிதாகிவிடும். கிளீனரில் ஊறவைத்து காற்றடித்தால் போதும். கழற்றும் முன் மிதவைக் கிண்ணத்தின் ட்ரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்தி ஒரு கண்ணாடிச் சீசாவில் பிடித்துப் பார்ப்பது நல்லது. தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாகத் தங்கிவிடும்.

இன்ஜெக்‌ஷனில் பைலட் ஜெட் கிடையாது. பம்ப் கொடுக்கும் அழுத்தத்தில் இன்ஜெக்டர் சில மில்லிசெகண்ட் திறந்து பீய்ச்சுகிறது. அதனால் விசாரணையும் பம்பிலிருந்து தொடங்குகிறது. சாவியைத் திருப்பியதும் இரண்டு, மூன்று விநாடிக்கு 'ங்ஙீ' என்று பம்ப் முனக வேண்டும். சத்தம் வந்துவிட்டதால் பம்ப் சரி என்று முடிவுகட்ட முடியாது. கேஜ் மாட்டிப் பார்த்தால் பெரும்பாலான வண்டிகளில் சுமார் 40 முதல் 50 பிஎஸ்ஐ இருக்கும். சரியான அளவை அந்தந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் பார்க்க வேண்டும். குறைந்தால் டாங்குக்குள் இருக்கும் வடிகட்டியில் அழுக்கா, பம்பே களைத்துவிட்டதா என்று தேட வேண்டும்.

அடுத்து காற்று. கார்புரேட்டரையோ த்ராட்டில் பாடியையோ இன்ஜினோடு இணைக்கும் இன்டேக் ரப்பர் இரண்டிலும் உண்டு, இரண்டிலும் வெடிக்கும். விளைவு மட்டும் ஒன்றல்ல. கார்புரேட்டரில் கூடுதல் காற்று நுழைந்தாலும் பெட்ரோல் கூடாது. கலவை மெலிந்துபோகும். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் வேகம் மெதுவாகவே இறங்கும், சைலன்சரில் படபடவென்று வெடிக்கும். இன்டேக் அழுத்தத்தை அளந்து கணக்குப் போடும் இன்ஜெக்‌ஷன் வண்டியிலோ, கசிவால் அழுத்தம் ஏறியதை ஈசியூ (இன்ஜினின் கட்டுப்பாட்டுக் கணினி) உண்மையான காற்று வரவு என்றே எடுத்துக்கொண்டு பெட்ரோலையும் கூட்டிவிடும். வேகம் ஏறும். ஐட்லிங் வால்வு இருந்தால் அது காற்றைக் குறைக்கும், வேகம் இறங்கும். மறுபடி ஏறும். நிற்காத ஊஞ்சலாட்டம் இதனால்தான். சோதனை இரண்டுக்கும் ஒன்றே: ரப்பரைச் சுற்றித் தண்ணீரைப் பீய்ச்சும்போது இன்ஜின் சத்தம் மாறினால் கசிவு அங்கேதான்.

சூட்டைக் கணிப்பதிலும் இப்படி ஒரு ஜோடி உண்டு. இன்ஜின் சூடேறிய பின்னும் சோக் முழுதாக ஆஃப் ஆகாத கார்புரேட்டர் வண்டி கறுப்புப் புகை விடும், பிளக் கரிபிடிக்கும். இன்ஜெக்‌ஷனில் அதே அறிகுறி கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரிலிருந்து வரலாம். சூடேறச் சூடேற இந்தச் சென்சாரின் மின்தடை குறைய வேண்டும். குறையாமல் நின்றால் இன்ஜின் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது என்று எண்ணி ஈசியூ பெட்ரோலை அள்ளிக் கொடுக்கும். முன்னதைக் கண்ணால் பார்த்துவிடலாம். பின்னதற்கு மல்டிமீட்டர் வேண்டும்.

பேட்டரியில் வேறுபாடு இன்னும் கூர்மை. கார்புரேட்டர் வண்டி பலவீனமான பேட்டரியோடும் ஒருவழியாக ஐட்லிங்கில் நிற்கும். இன்ஜெக்‌ஷன் வண்டிக்குப் பம்ப், இன்ஜெக்டர், ஈசியூ எல்லாமே மின்சாரத்தில்தான் பிழைப்பு. வோல்டேஜ் விழுந்தால் இன்ஜெக்டர் தாமதித்துத் திறக்கும். பேட்டரி முனையில் படிந்த பச்சைக் களிம்போ, லூசான எர்த் வயரோ சென்சார் கோளாறு போலவே நடிக்கும்.

இன்ஜெக்‌ஷனின் வெற்றி உயரத்தில் தெரியும். அமெரிக்காவின் கொலராடோ மலைப்பாதைகள் பல 3,000 மீட்டரைத் தாண்டும். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. சமவெளிக்கு ட்யூன் செய்த கார்புரேட்டர் அங்கே பெட்ரோல் மிகுந்து திணறும், ஜெட்டை மாற்ற வேண்டிவரும். இன்ஜெக்‌ஷன் வண்டி அழுத்தத்தைப் படித்துத் தானே சரிசெய்துகொள்ளும்.

இந்தச் சாமர்த்தியமே பழுது பார்ப்பவரை ஏமாற்றவும் செய்கிறது. கார்புரேட்டரில் ஐட்லிங் ஸ்க்ரூவும் பைலட் ஸ்க்ரூவும் திருப்புவதற்கென்றே இருப்பவை. காதை வைத்துக் கேட்டு அரைச் சுற்று, கால் சுற்று என்று வைப்பது தொழில்முறை. பல இன்ஜெக்‌ஷன் வண்டிகளின் த்ராட்டில் ஸ்டாப் ஸ்க்ரூ அப்படியல்ல. கம்பெனியிலேயே நிலைநிறுத்திப் பெயின்ட் வைத்து அனுப்புவார்கள். அதைத் திருகினால் ஐட்லிங் உயர்ந்து பிரச்சினை தீர்ந்தது போலிருக்கும். ஆனால் த்ராட்டில் பொசிஷன் சென்சாரின் அடிப்படை வோல்டேஜ் நகர்ந்துவிடும். த்ராட்டில் மூடியிருப்பதே ஈசியூவுக்குத் தெரியாமல் போகும்.

செக் இன்ஜின் விளக்கைக் கண்மூடி நம்புவது மறுபக்கத்துப் பிழை. ஒயர் அறுந்தது, ஷார்ட் ஆனது, வோல்டேஜ் எல்லை மீறியது என்பதை அது சொல்லும். டேப்பெட் இறுகியது, பெட்ரோல் பழையது, ரப்பர் வெடித்தது, த்ராட்டில் பாடியில் கரி படிந்தது ஆகியவை பெரும்பாலும் அதன் கண்ணில் படாது. விளக்கு எரியவில்லை என்றால் மின்சார சர்க்யூட்டில் வெளிப்படையான பழுது இல்லை என்று மட்டுமே பொருள்.

ஆகவே இரு வண்டிக்கும் தொடக்க வரிசை ஒன்றாகவே இருக்கலாம்: புதுப் பெட்ரோல், ஏர் ஃபில்டர், பிளக், இன்டேக் ரப்பர், பேட்டரி, பிறகு இன்ஜின் ஆறியபின் டேப்பெட் கிளியரன்ஸ். இதைத் தாண்டிய பிறகே கார்புரேட்டர்காரர் ஜெட்டுக்கும் இன்ஜெக்‌ஷன்காரர் கேஜுக்கும் மீட்டருக்கும் போக வேண்டும். பிஎஸ்6 மாசு விதி 2020 ஏப்ரலில் வந்து இந்தியாவின் பெரும்பாலான புது பைக்குகளை இன்ஜெக்‌ஷனுக்கு மாற்றியது. அதனால் நம் ஊர் ஒர்க்‌ஷாப்புக்கும் இந்த வரிசை அப்படியே பொருந்தும். கார்புரேட்டரில் ஊகித்துப் பார்த்தால் நேரம்தான் போகும், ஜெட் சல்லிசு. இன்ஜெக்‌ஷனில் ஊகித்துப் பம்பையும் ஈசியூவையும் மாற்றினால் பணம் போகும், குலுக்கல் அப்படியே இருக்கும். அளந்து பார்த்தபின் ஸ்பேனரை எடுப்பது பழைய வண்டிக்கு நல்ல பழக்கம். புது வண்டிக்கு வேறு வழியே இல்லை.