கடற்படை சோனாரும் வெடிப்புகளும்: கடல் பாலூட்டிகள் மீதான தாக்கம்

கடலில் ஒலியைக் கொண்டு நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டுபிடிக்கும் கருவி சோனார். சும்மா காது கொடுத்துக் கேட்கும் வகையால் யாருக்கும் தொல்லை இல்லை. ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கேட்கும் வகைதான் சிக்கல். போர்க்கப்பல்களில் பொதுவாக இருப்பது 1 முதல் 10 கிலோஹெர்ட்ஸ் வரையிலான நடு அலைவெண் சோனார். அதன் ஒலி மூலத்தருகே 235 டெசிபலை எட்டும். இதை ராக்கெட் இரைச்சலோடு ஒப்பிடும் செய்திகளை நம்ப வேண்டாம். நீரின் டெசிபல் வேறு, காற்றின் டெசிபல் வேறு. ஏறத்தாழ 62 கழித்த பிறகே ஒப்பிடலாம். கழித்தாலும் அது பேரொலிதான். கடலில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும், வெகுதூரம் தேயாமலும் போகும்.

திமிங்கலமும் ஓங்கலும் இரை தேடுவது, வழி அறிவது, குட்டியை அழைப்பது எல்லாம் ஒலியால். தீபாவளிக்கு முந்தைய ஞாயிறன்று தி.நகர் ரங்கநாதன் தெருவில் கைவிட்டுப் போன பிள்ளையைக் கூப்பிடுவது போலத்தான், இரைச்சல் மிகுந்த கடலில் அவற்றின் பாடு. ஆனால் உயிரையே பறிக்கும் பாதிப்பு அதிகம் பதிவானது ஆழ்கடல்வாசியான அலகுத் திமிங்கலங்களில். 1996 மே மாதம் கிரேக்கத்தின் கிபாரிசியா வளைகுடாவில், நேட்டோ அமைப்பு சோனார் சோதனை நடத்திய நாட்களிலேயே குவியர் அலகுத் திமிங்கலங்கள் கரையேறின. 2000 மார்ச்சில் பஹாமாஸ் தீவுகளில் 17 விலங்குகள் ஒதுங்கின. அமெரிக்கக் கடற்படையும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையே, அக்கடற்படைக் கப்பல்களின் சோனார்தான் பெரும்பாலும் காரணம் என்றது. 2002 செப்டம்பரில் கேனரித் தீவுகளில் கடற்படைப் பயிற்சி தொடங்கிய சில மணி நேரத்திலேயே ஒதுங்கிய அலகுத் திமிங்கலங்களை அறுத்துப் பார்த்தபோது, இரத்தக் குழாய்களிலும் உறுப்புகளிலும் வாயுக் குமிழிகள் இருந்தன. குவியர் அலகுத் திமிங்கலம் 2,992 மீட்டர் ஆழம் வரை மூழ்கியது பதிவாகியுள்ளது. மிரண்டுபோய் மூழ்கும் முறையை மாற்றிக்கொண்டால், இரத்தத்தில் கரைந்திருந்த நைட்ரஜன் குமிழியாகப் பிரியும் என்பதே இதற்குப் பெரும்பாலோர் தரும் விளக்கம்.

வெடிப்பு வேறு வகை. அதன் அதிர்வலை காற்றறைகளைத்தான் முதலில் தாக்கும்: நுரையீரல், குடல், காது. 2011 மார்ச்சில் சான் டியேகோ அருகே, வெடிப்பயிற்சியில் வெடியின் நேரக்கருவி ஓடத் தொடங்கிய பிறகு ஓங்கல் கூட்டமொன்று ஆபத்து எல்லைக்குள் வந்தது. மூன்று அங்கேயே இறந்தன. 2019 ஆகஸ்டில் ஜெர்மனி அருகே பால்டிக் கடலில் இரண்டாம் உலகப் போர்க் கண்ணிவெடிகள் 42 வெடிக்கச் செய்யப்பட்டன. அதன்பின் ஒதுங்கிய கடற்பன்றிகள் பலவற்றில் வெடிப்புக் காயங்கள் காணப்பட்டன. முதுகில் துடுப்பில்லாத அவற்றின் உறவினம் சென்னைக் கடலிலும் வாழ்கிறது. பெசன்ட் நகர், நீலாங்கரைக் கரைகளில் அது அவ்வப்போது இறந்து ஒதுங்குவதுண்டு. அதற்குப் பெரும்பாலும் சொல்லப்படும் காரணம் மீன்வலை.

தமிழகத்தில் சோனார் என்ற சொல் பரவலாக அடிபட்டது 2016 ஜனவரியில். தூத்துக்குடி மாவட்டம் மணப்பாடு, கல்லாமொழிக் கரைகளில் பைலட் திமிங்கலங்கள் 81 ஏறின. மீனவர்கள் படகில் கட்டி ஆழத்துக்கு இழுத்துச் சென்றார்கள். சில மறுபடி கரைக்கே திரும்பின. 45 இறந்தன. காரணமாகப் பலவும் பேசப்பட்டன, எதுவும் மெய்ப்பிக்கப்படவில்லை. சோனார் மீது உடனே பழி போடுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இதே கரையில், இதே ஜனவரியில், 1973லேயே 147 ஒதுங்கின. சரிவு குறைந்த ஆழமற்ற கடலடி, முன்னால் போகும் தலைமை விலங்கை விடாமல் தொடரும் கூட்ட இயல்பு ஆகியவையும் காரணங்களாகலாம். அதனால் சோனார் குற்றமற்றது என்றும் ஆகிவிடாது.

சென்னைக் கடலும் ஒதுக்குப்புறம் அல்ல. 2017 ஜூலையில் மலபார் கூட்டுப் பயிற்சி இங்கே நடந்தது. ஐஎன்எஸ் விக்ரமாதித்யா, அமெரிக்காவின் நிமிட்ஸ், ஜப்பானின் இசுமோ கலந்துகொண்டன. நீர்மூழ்கி எதிர்ப்புப் பயிற்சியும் அதில் ஓர் அங்கம். துறைமுகக் கப்பல் இரைச்சல் ஆண்டு முழுதும் இருக்கிறது. கடலின் பின்னணி ஒலியைப் பதியும் கருவிகளைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கியுள்ளது. ஓர் ஒதுங்கலைச் சோனாரோடு இணைக்க அந்தப் பதிவும் வேண்டும், பயிற்சி நடந்த தேதியும் வேண்டும், அழுகாத சடலத்தின் உட்காதும் வேண்டும். வங்கக் கரை வெயிலில் உடல் ஒரே நாளில் ஊதிவிடும். வாயுக் குமிழி நோயால் வந்ததா, அழுகலால் வந்ததா என்று அதன்பின் பிரித்தறிவது கடினம்.

தடுக்கும் வழிகள் உண்டு. பயிற்சிக்கு முன் ஒலிவாங்கியால் தேடுவது, விலங்கு தென்பட்டால் சோனாரை நிறுத்துவது, வெடிக்கும் இடத்தைச் சுற்றிக் காற்றுக் குமிழித் திரை எழுப்புவது ஆகியன நடைமுறையில் உள்ளன. இவற்றைவிட உறுதியானது விலகிப் போவது: 2004இல் ஸ்பெயின் கேனரித் தீவுகளைச் சுற்றி 50 கடல் மைலுக்குள் கடற்படை சோனாரைத் தடைசெய்தது. அடுத்த பத்தாண்டில் அங்கே அலகுத் திமிங்கலங்கள் கூட்டமாகக் கரையேறவில்லை.