பால்நிற எண்ணெய்: ஒரு ரப்பர் வளையமும் குமரிக் கடற்கரையும்

பெங்களூரின் தெற்கே, ஓசூர் நெடுஞ்சாலையை ஒட்டிய பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் சுழலும் இயந்திரம் எதைப் பிரித்தாலும் அதனுள் ஒரு கரிய ரப்பர் வளையம் இருக்கும். பட்டறை மொழியில் அதன் பெயர் ஆயில் சீல். தண்டு சுழல வேண்டும். ஆனால் தண்டைச் சுற்றியுள்ள எண்ணெய் வெளியே வரக் கூடாது. இவ்விரண்டு தேவைகளுக்கும் நடுவே நிற்பது அந்த வளையத்தின் மெல்லிய உதடு. தொழிற்சாலையில் அது கிழிந்தால் தரையில் எண்ணெய் சொட்டும். மாலைக்குள் யாராவது கவனித்துவிடுவர்.

இதே வளையம் கடலுக்குள் கிழிந்தால் எதுவும் வெளியே சொட்டுவதில்லை. நீர்தான் உள்ளே புகுகிறது. அது பல நாட்கள் யார் கண்ணிலும் படுவதில்லை. தென் தமிழகக் கடற்கரையில் படகுகள் இயந்திரமயமான வரலாறு பெரும்பாலும் குதிரைத்திறன், கடன், மானியம், மீன்வரத்து ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. இந்தக் கண்ணுக்குத் தெரியாத கசிவின் வழியாகவும் அதை வாசிக்க இயலும்.

ஆயில் சீலின் தொடக்கம் தோல் பதனிடும் தொழிலில் இருக்கிறது. ஜெர்மனியின் வைன்ஹைம் நகரில் தோல் பதனிட்டுவந்த ஃப்ராய்டன்பர்க் நிறுவனம், 1929ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியையொட்டி, தன் தோலைக் கொண்டு இயந்திரங்களுக்கான அடைப்பு வளையங்கள் செய்யத் தொடங்கியது. அங்கே பணியாற்றிய ஆஸ்திரியப் பொறியாளர் வால்டர் சிம்மரின் பெயரால் அவ்வளையம் இன்றும் ஐரோப்பாவில் ‘சிம்மரிங்’ என்றே வழங்குகிறது. 1930களிலேயே தோலின் இடத்தைச் செயற்கை ரப்பர் பிடித்துக்கொண்டது.

வெளிப்பொருத்து இயந்திரம் அதைவிடச் சற்று மூத்தது. நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட், 1909இல் மில்வாக்கி நகரில் 1.5 குதிரைத்திறன் கொண்ட தம் இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். துடுப்பு வலிக்கச் சலித்தவர்களுக்கு, அமைதியான ஏரிகளில் ஓடுவதற்காகப் பிறந்த இயந்திரம் அது. தலைப்பகுதியிலிருந்து நெட்டுக்குத்தாக இறங்கும் தண்டு, நீருக்கடியில் உள்ள கியர் பெட்டியில் பற்சக்கரங்கள் வழியாகத் திசை திரும்பிப் புரொப்பல்லரைச் சுழற்றும். பிற்கால மாதிரிகளில் எத்தனையோ மாற்றங்கள் வந்தன. எண்ணெயில் மூழ்கிய பற்சக்கரங்கள் நீருக்கடியில் ஓட வேண்டும் என்ற அடிப்படை மட்டும் மாறவில்லை.

இந்த ஏரி இயந்திரம் தென்னிந்தியக் கடலுக்கு வந்த பாதை நேரானதன்று. 1953இல் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் பணி தொடங்கிய இந்தோ-நார்வே திட்டம், முதலில் மரபுப் படகுகளுக்கே இயந்திரம் பொருத்த முனைந்து, பின்னர் புதுவகைப் படகுகளின் பக்கம் நகர்ந்தது. குமரி மாவட்டத்தின் கட்டுமரமோ இன்னும் கடினமான புதிர். கட்டைகளைக் கயிற்றால் பிணைத்து, நீர் ஊடே புகுந்து வெளியேறும்படி அமைந்த அக்கலத்தில் இயந்திரத்தைத் தாங்கும் பின்பலகையே கிடையாது. முட்டத்தில் பெல்ஜியத்தைச் சேர்ந்த பொறியாளர் பியர் ஜில்லே, உள்ளூர் மீனவரோடும் தச்சரோடும் சேர்ந்து ஒட்டுப்பலகை வள்ளங்களை உருவாக்கிய முயற்சி இந்தப் புதிருக்கான விடைகளுள் ஒன்று. அந்த அனுபவத்தை 1985இல் நூலாக எழுதியபோது, ‘சிறியதே அழகு’ என்ற ஷூமாக்கரின் புகழ்பெற்ற தலைப்பைச் சற்றே திருப்பி, ‘சிறியது கடினம்’ என்று பொருள்படும் தலைப்பை அவர் சூட்டினார்.

கடினம் எங்கே இருந்தது என்பதைக் கியர் பெட்டி காட்டுகிறது. அதனுள் நீர் புகும் வழிகள் சில: மேலிருந்து தண்டு இறங்கும் இடம், கியர் மாற்றும் கம்பி நுழையும் இடம், எண்ணெய்த் திருகாணிகளின் வாய், எல்லாவற்றுக்கும் மேலாகப் புரொப்பல்லர் தண்டு வெளிவரும் இடம். அங்கே பல மாதிரிகளில் இரண்டு சீல்கள் முதுகோடு முதுகாக அமர்ந்திருக்கும். ஒன்றின் உதடு உள்ளே எண்ணெயைத் தடுக்கும். மற்றதன் உதடு வெளியே கடலைத் தடுக்கும். அறுந்த தங்கூசி இழை ஒன்று புரொப்பல்லருக்குப் பின்னால் சுற்றிக்கொண்டால் போதும், வெளியுதடு அறுபடும். துறைமுகம் இல்லாத திறந்த கரையில், அலையோடு ஏறி மணலில் வந்து நிற்கும் வள்ளத்தில், மணல் துகள் உதட்டுக்கும் தண்டுக்கும் இடையே புகுந்து எஃகையே தேய்த்துப் பள்ளமாக்கும்.

இயந்திரம் ஓடும்போது மட்டுமே நீர் புகும் என்று எண்ணுவது இயல்பு. உண்மையில் அது நின்ற பிறகே ஆபத்து மிகுதி. ஓட்டத்தில் சூடேறி விரிந்த எண்ணெயும் காற்றும், வலையை விரித்துவிட்டு இயந்திரத்தை அணைத்துக் காத்திருக்கும் நேரத்தில், குளிர்ந்த கடலுக்குள் சுருங்குகின்றன. உள்ளழுத்தம் குறைகிறது. மயிரிழை அளவு வெட்டு இருந்தாலும் கடல்நீர் உள்ளே உறிஞ்சப்படுகிறது. மீண்டும் ஓடத் தொடங்கியதும் பற்சக்கரங்கள் அந்நீரை எண்ணெயோடு கடைந்து பால்நிறமாக்குகின்றன. உப்புநீர் கலந்த எண்ணெய் எஃகைக் காப்பதில்லை. தாங்கிகள் துருவேறும், பற்கள் அரிக்கப்படும், ஒருநாள் கரை தெரியாத தொலைவில் பெட்டி இறுகி நின்றுவிடும்.

இதைச் செப்பனிடும் முறை எளியது. ஆனால் பொறுமை கேட்பது. இயந்திரத்தை ஓரிரவு நெட்டுக்குத்தாக நிறுத்தினால் பிரிந்த நீர் அடியில் தங்கும். காலையில் அடித் திருகாணியைத் தளர்த்தினால் எண்ணெய்க்கு முன்னதாக அது வெளிவரும். பெட்டியை வடித்து, கைப்பம்பால் அளவான காற்றழுத்தம் ஏற்றி நீர்த்தொட்டியில் அமிழ்த்தினால் கசிவிடம் குமிழியிட்டுக் காட்டிக்கொடுக்கும். அழுத்தச் சோதனையில் தப்பும் உதடு எதிர்த்திசை இழுப்பில் தோற்பதுண்டு. ஆதலால் உறிஞ்சு சோதனையும் தேவை. பள்ளம் விழுந்த தண்டில் புதிய சீலை அதே இடத்தில் பொருத்தினால் சில வாரங்களில் மீண்டும் கசியும். எண்ணெயை மேலிருந்து ஊற்றாமல் அடித்துளை வழியே ஏற்ற வேண்டும். அப்போதுதான் உள்ளிருக்கும் காற்று மேல்துளையால் முழுதும் வெளியேறும். திருகாணியின் பழைய வாஷரை மறுபடியும் இடுவது, செய்த வேலை அனைத்தையும் வீணாக்கும் சிக்கனம்.

இந்த அறிவு எவ்வளவு தொலைவில் கிடைத்தது என்பதே கடற்கரைக் குடும்பங்களின் நிலையைத் தீர்மானித்தது. சீலின் விலை சிறிது. அது கெட்டு அழிக்கும் கியர் தொகுதியின் விலை பெரிது. உதிரிபாகத்துக்காகப் படகு கரையில் கிடக்கும் நாட்களில் உடைமையாளர் மட்டுமன்றிப் பங்குக்குத் தொழில் செய்யும் அனைவருமே வருவாய் இழந்தனர். பழுதுக்கு வாங்கிய முன்பணம், பிடிபடும் மீனை விற்கும் உரிமையை வணிகரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்தப் பிடியை உடைக்கவே குமரியிலும் தென் கேரளத்திலும் 1970கள் தொட்டு மீனவர் சங்கங்கள் உருவாகி, 1980இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பாக இணைந்தன. அக்கூட்டமைப்பு மீன் விற்பனையோடும் கடனோடும் நிற்கவில்லை. படகு கட்டும் தளங்களை அமைத்தது. இயந்திரங்களை இறக்குமதி செய்தது. பழுதுபார்க்கும் பட்டறைகளையும் நடத்தியது. கடனைப் போலவே பழுதுநீக்கமும் விடுதலைக்கான கருவி என்ற புரிதல் அதில் இருந்தது.

சோழமண்டலக் கரையில் மற்றொரு விடை உருவாயிற்று. 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், கரையேறும் படகுகளுக்கு டீசல் இயந்திரமும் தூக்கிக்கொள்ளத்தக்க தண்டும் பொருத்தும் வடிவங்களைச் சோதித்தது. பின்னர், குறிப்பாக 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகள் பெருகியபோது, தாய்லாந்து நாட்டு முறையை ஒத்த நீள்வால் டீசல் இயந்திரங்கள் அக்கரையில் பரவலாகின. அவற்றில் நீருக்கடியில் கியர் பெட்டியே இல்லை. நீண்ட தண்டின் நுனியில் புரொப்பல்லர் மட்டும் உண்டு. வேகத்திலும் திருப்பத்திலும் இழப்பு உண்டெனினும், கடல்நீர் புகுந்து கெடுக்கும் பெட்டி ஒன்று குறைகிறது. கசிவை அடைப்பது ஒரு வழி. கசியும் இடமே இல்லாமல் அமைப்பது மற்றொரு வழி.

தொழில்நுட்பம் ஓர் ஊருக்கு வந்த நாளை வரலாறு குறித்துவைக்கிறது. அது அவ்வூரில் நிலைத்தது எப்போது என்பதை அறிய வேறோர் அளவுகோல் வேண்டும். பால்நிறம் கண்ட எண்ணெயை விரலில் தேய்த்துப் பார்த்து, எந்த வளையம் போயிற்று என்று சொல்லக்கூடியவர் நடைதூரத்தில் கிடைக்கும் நாளே இயந்திரம் அந்தக் கரைக்கு உரியதாகும் நாள். அதுவரை அது கரையில் நிற்கும் கடன் மட்டுமே.